கரண்டு இருக்கும் நேரத்தில் கிடார் வாங்கு

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. அதற்கு அவசரமும் இல்லை. எனக்கே இப்போது பதினேழு வயதுதான். உன் அம்மா யாரென்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இந்நேரம் ஊரைவிட்டு ஓடியிருப்பாள். ஆனால் அடுத்த மாதம் எனக்குப் பதினெட்டு ஆகிறது. பதினெட்டைத் தாண்டியவர்கள் பொறுப்பானவர்களாகிவிடுகிறார்கள். பிறகு மகனுக்கோ மகளுக்கோ கடிதம் எழுத உட்கார்ந்தால், செய்த அயோக்கியத்தனத்துக்கெல்லாம் 'அனுபவம்' என்று பெயர் மாற்றிவிடுகிறார்கள். நான் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். இதில் வரும் அயோக்கியத்தனம் எல்லாம் சொந்தப் பெயரிலேயே இருக்கும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ வளர்ந்த ஆள். எலெக்ட்ரிக் கிடார் வேண்டும் என்று என் முன்னால் வந்து நிற்பாய். கட்டாயம் நிற்பாய். என் மகன் என்பதால் படிப்பும் வராது, முகத்துக்காக யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். திரும்பிப் பார்க்கவைக்கச் சத்தம்தான் ஒரே வழி. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பணம் கொஞ்சம்தான் தருவேன், அதிலும் ஆட்சேபம் இல்லை. உன் காலத்தில் பத்தாயிரத்துக்கு இரண்டு பரோட்டா கிடைக்கலாம். என் காலத்தில், பழையதாகப் பார்த்தால், ஒரு கிடாரும், அதன் சத்தத்தைக் கூட்டும் ஒரு சின்ன ஆம்ப்பும் கிடைத்தன. கூடவே இன்னொன்றும் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பக்கம்.

முதலில் உன் தாத்தாவைப் பற்றி. என் அப்பா பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவர். இல்லை, ஓட்டினவர். அந்தக் 'கிறவர்' எப்படி 'னவர்' ஆனார் என்பதற்கும் உன் கிடாருக்கும் சம்பந்தம் உண்டு. கேரள எல்லையில், பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவில் எங்கள் வீடு. எங்களுக்குப் பள்ளிக்கூடம் தமிழ், பஸ் போர்டு மலையாளம், கெட்ட வார்த்தை இரண்டிலும். அப்பா இருபது வருடமாக வாழைக்குலையும் சிமெண்டும் ஏற்றி அந்த டீசல் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தவர். அந்தச் சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டது. வலது காது மட்டும் ஒழுங்காகக் கேட்கும். காதைவிடப் பெரிய குறை ஒன்று அவருக்கு உண்டு: யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். நான் அவருக்கு மகனாகப் பிறந்தது, எலியின் வளைக்குள்ளேயே பூனை வந்து பிறந்ததுபோல. பூனை நான்.

எங்கள் பக்கம் 'பணி கொடுத்தேன்' என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் தமிழ் வாத்தியார் கேட்டால் யாருக்கோ வேலை வாங்கிக் கொடுத்ததாக நினைத்து மெச்சிக்கொள்வார். மலையாளத்தில் அதற்கு ஆளைக் கவிழ்ப்பது என்று பொருள். ஏழு வயதிலிருந்து நான் அப்பாவுக்குப் பணி கொடுத்துவந்தேன். புது ஃப்ரிட்ஜ் வந்தபோது, அதன் உடம்பில் கரண்டு பாய்கிறது, கடைக்காரன் சொன்னான் என்றேன். ஒரு வாரம் முழுக்க அவர் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, மர அகப்பையால் கதவை நெம்பித் திறந்து தண்ணீர் குடித்தார். எட்டாம் நாள் நான் வெறுங்காலோடு போய், வெறுங்கையால் திறந்து, ஒரு பாட்டில் தண்ணீரை அவர் கண்முன்னால் குடித்தேன். அம்மாவும் என் அக்காவும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். கையில் அகப்பை இருந்தது.

பத்தாம் வகுப்பில் செய்தது இன்னும் நேர்த்தி. கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு, சனிக்கிழமை ஆண்டுவிழா, அப்பாவை மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன். அன்றைக்கு வந்த ஒரு லோடை வேறொரு வண்டிக்காரனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, குளித்து, கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கேட்டு பூட்டியிருந்தது. நானும் என் கூட்டாளி ஷைஜுவும் எதிரே டீக்கடையில், தொங்கவிட்ட பழக்குலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பூட்டைப் பார்த்தார். இன்னும் நேரமாகவில்லை என்று நினைத்திருப்பார் போல, மரநிழலில் போய் நின்றார். சட்டை சுவரில் உரசாமல் கொஞ்சம் தள்ளி நின்றார். அப்படியே ஒரு மணி நேரம். பிறகு டீ குடிக்க வந்தபோது எங்களைக் கண்டார். ஷைஜு ஓடப் பார்த்தான். அப்பா, "நல்ல களியாக்கும் மக்கா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, எங்கள் இருவருக்கும் பழம்பொரி வாங்கித் தந்தார். எங்கள் ஊரில் களி என்றால் விளையாட்டு. டீ படாமல் இருக்க அவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு இரண்டாவது பழம்பொரி கேட்டேன்.

போன வருடம் அவர்தான் பத்தாயிரம் தந்தார். எங்கள் ஊர் கிளப்பில் ஓணத்துக்குப் பாட்டு நிகழ்ச்சி உண்டு. ஷைஜு அதில் ட்ரம்ஸ். கிடாருக்கு ஆள் இல்லை. நான் ஒரு சாதாரண கிடாரில் இரண்டு வருடம் விரலைத் தேய்த்திருந்தேன். அந்த இடத்தைப் பிடித்தே ஆகவேண்டும் என்று இருந்தது. போனில் தேடியதில் குன்னத்துகாலில் ஒருவர் கிடாரும் ஆம்ப்பும் சேர்த்து விற்பதாகப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் ஆட்டோவில் போனோம். வழியில் அவருக்குப் பாடம் நடத்தினேன். எலெக்ட்ரிக் கிடாரின் வயிற்றில் கம்பிகளுக்குக் கீழே காந்தம் வைத்த ஒரு பட்டை இருக்கும், கம்பியின் அதிர்வை அதுதான் பிடிக்கும், அதற்குப் பிக்கப் என்று பெயர், நாம் வாங்கப்போவதில் இரண்டு பிக்கப் உண்டு என்றேன். அப்பா வேகத்தைக் குறைத்துவிட்டு உண்மையான அக்கறையோடு கேட்டார்: "ரெண்டு பிக்கப்பா? எவ்வளவு லோடு ஏறும்லே?" இதை இன்றுவரை நூறு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நூற்றி ஒன்றாவது ஆள் நீ.

இனி நீ காதைத் தீட்டிக்கொள். அங்கே நான் கிடாரைப் பார்த்த விதம் சரியான விதம், அதை அப்படியே செய். கிடாரை எடுத்ததும் வாசித்துக் காட்டி அலட்டாதே. அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, துப்பாக்கி குறிபார்ப்பதுபோல அதன் கழுத்தைப் பார். வில்லாக வளைந்திருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டு. குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளின் முனை தோலைக் கீறினால் அதைச் செய்தவன் கைக்கு வேலை தெரியாது. கம்பி கட்டையைவிட்டு மிக உயரத்தில் நின்றால் ஒரு மாதத்தில் விரல் புண்ணாகும், இரண்டாம் மாதம் கிடார் கட்டிலுக்கு அடியில் போகும். காது முறுக்கிகளைத் திருகிவிட்டு ஐந்து நிமிடம் பேச்சுக் கொடு. சுருதி அதற்குள் இறங்கினால் விலையும் இறங்கவேண்டும். கூர்க்கூராக நட்சத்திரம்போல வெட்டின கிடார் மேடைக்கு அழகு, மடியில் நிற்காது. நீ முதல் மூன்று வருடம் மடியில்தான் வாசிக்கப்போகிறாய், உன்னை எவன் மேடைக்குக் கூப்பிடப்போகிறான்? கையில் உள்ளதை முழுக்கக் கிடாருக்கே கொட்டிவிட்டு, ஆம்ப்புக்குப் பதிலாக வீட்டு டிவி ஸ்பீக்கரில் சொருகலாம் என்று கனவு காணாதே. தகர டப்பாவில் அகப்பட்ட கொசுபோலக் கேட்கும். வீட்டுக்குப் பத்து வாட் போதும். ஹெட்ஃபோன் குத்த இடம் இருக்கிறதா என்று பார். அது உனக்காக இல்லை, எனக்காக.

கிடார் நன்றாகவே இருந்தது. கறுப்பு, ஓரத்தில் ஒரு கீறல், கழுத்து நேர். விற்றவர் லுங்கி கட்டின, நிதானமான பெரியவர். கல்ஃபுக்குப் போன மருமகன் விட்டுவிட்டுப் போனது என்றார். ஆம்ப்பைச் சொருகிப் பார்க்கலாம் என்றால் கரண்டு இல்லை. லைனில் வேலை, மத்தியானம் வரும் என்றார். மின்சாரத்தில் ஓடும் சாமானை மின்சாரம் இல்லாத நேரத்தில் வாங்கப் போன முதல் புத்திசாலி உன் அப்பன். அப்பா, மத்தியானம் வரை இருந்து பார்த்து வாங்குவோம் மக்கா, அவசரம் என்ன என்றார். இன்னும் நான்கு பேர் போன் பண்ணியிருக்கிறார்கள் என்று அந்தப் பெரியவர் சொல்லியிருந்தது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் வாயை அடைக்க எனக்கு ஒரு வழிதான் தெரியும். கேபிளின் முனையை அவர் கையில் கொடுத்து, இதில் நாக்கை வைத்துப் பாருங்கள், உள்ளே பழைய கரண்டு மிச்சம் இருந்தால் புளிக்கும், புளித்தால் ஆம்ப் நல்லது என்றேன். அப்பா நாக்கை நீட்டி வைத்தார். யோசித்தார். இன்னொரு தடவை வைத்தார். கொஞ்சம் புளிக்கிறது என்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பெரியவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "மோனே, நின்றெ அச்சனல்லே?" உன் அப்பாதானே என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அந்தச் சங்கடத்தை மறைக்க, ஆம்ப்புக்கு ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் அறுக்கும் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். கடைசிச் சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேடில்ல. கோளாறு இல்லை. பணத்தைக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் அப்பா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "மக்கா, அவரு கேடில்லன்னு சொல்லல்ல. கேட்டில்லன்னாக்கும் சொன்னாரு." கேட்டில்ல என்றால் தான் அதைக் கேட்டதில்லை என்று அர்த்தம். ஒரு எழுத்து கொஞ்சம் அழுத்தினால் போதும், நல்ல ஆம்ப் யாரும் கேட்காத ஆம்ப் ஆகிவிடும். பெரியவர் பேசும்போது அப்பா அவர் பக்கத்தில், வலது காதை அவருக்குக் கொடுத்து நின்றிருந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொன்னேன்: "அவருக்க ஆம்ப்புக்குக் கேடில்ல அப்பா. கேடு ஒங்க காதுலயாக்கும்." நல்ல சொல்விளையாட்டு என்று எனக்கே என்மேல் பிரியம் வந்தது. அப்பா எதிரே வந்த லாரிக்கு ஓரம் ஒதுங்கினார். பிறகு, செரி, எனக்க காதா இருக்கும் என்றார்.

ஆம்ப் வேலை செய்தது. அதுதான் கொடுமை. அடியோடு செத்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். வெறுங்காலோடு தரையில் நின்று கம்பியைத் தொட்டால் விரலில் கிலுகிலுவென்று ஊறும். செருப்பு போட்டால் ஊறாது. இதைப் பார்த்தவுடன் பிளக்கைப் பிடுங்கியிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கிடாருக்கு உயிர் இருக்கிறது என்று ஷைஜுவிடம் பெருமை அடித்து, அவனையும் செருப்பைக் கழற்றச் சொல்லித் தொடவைத்தேன். அவன் துள்ளினான். பிளக்கில் இரண்டு பின்தான் இருந்தது. மூன்றாவது பின், அந்தத் தடித்த பின், எர்த்துக்கு. வழிதவறும் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடுவது அது. மகனே, எர்த்து இல்லாத ஆம்ப் கரண்டை மண்ணோடு சேர்க்காது, ஆளை மண்ணோடு சேர்க்கும். இதற்குமேல் உனக்கு ஆம்ப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

போன வருட ஜூலை மழை. மத்தியானம். நான் கட்டிலில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பா வெளியே ஆட்டோவைக் கழுவிவிட்டு, கையும் காலும் நனைந்தபடி உள்ளே வந்தார். சன்னல் வழியாகச் சாரல் ஆம்ப்பின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அதை நகர்த்தத் தோன்றவில்லை; அவருக்குத் தோன்றியது. குனிந்தார். அந்த வாரம் மழை தொடங்கியபின் ஆம்ப்பின் பின்பக்கத் தகடு என்னையே இரண்டு தடவை நன்றாக உதறியிருந்தது. பிறந்ததிலிருந்து முதல்தடவையாக நான் அவரிடம் ஒரு உண்மையை நேரத்துக்குச் சொன்னேன்.

"அப்பா, தொடாதீங்க. அதுல கரண்டு உண்டு."

அவர் குனிந்தபடியே என்னைப் பார்த்தார். முகம் மெதுவாக மலர்ந்தது. இந்தத் தடவை இவனிடம் அகப்படப்போவதில்லை என்கிற சந்தோஷம். "ஃப்ரிட்ஜுல உள்ள கரண்டா?" என்றார்.

"நேராட்டாக்கும் அப்பா," என்றேன். நேரு என்றால் எங்கள் ஊரில் உண்மை.

"பின்ன. நேரு, நேரு," என்று சொல்லி, நான் பார்க்கவேண்டும் என்பதற்காகவே, ஈரக்கையை விரித்து முழு உள்ளங்கையையும் தகட்டின்மேல் வைத்தார்.

அடுத்ததை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொந்தப் பெயரில் எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். அவர் உடம்பு உதறியது. நான் சிரித்தேன். அவர் எனக்குப் பணி கொடுக்கிறார், கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டார், நன்றாகவே நடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். ஒரு வினாடியோ இரண்டோ. அவர் வாய் கோணியதைப் பார்த்த பிறகுதான் எழுந்து பிளக்கைப் பிடுங்கினேன். விடுபட்டவர் பின்னால் போய், வாசல்படியின் விளிம்பில் வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது.

காரக்கோணம் ரோட்டில் யாரோ ஒருவருடைய காரில் போனோம். ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். கையில் கட்டோடு படுத்திருந்தவர் என்னைத் திட்டவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்: "நீ நேராட்டாக்கும் சொன்னதுன்னு எனக்குத் தெரியாதுலே." பெட்டி ஆட்டோவுக்கு ஆக்சிலரேட்டர் வலது கைப்பிடியில்தான். முறுக்கவேண்டும். எலும்பு சேர்ந்தது, முறுக்கு வரவில்லை. வண்டியை விற்றோம். இப்போது பாறசாலையில் ஒரு டைல்ஸ் கடையில் வாசலில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளை வரிசையாக நிறுத்தச் சொல்லுகிறார். இடது காதுப் பக்கம் ஹார்ன் அடித்தால் அவருக்குக் கேட்காது. ஏழு வயதிலிருந்து அவருக்குப் பணி கொடுத்து வந்தேன் என்றேன் அல்லவா? கடைசியில் இருந்த பணியையும் எடுத்துவிட்டேன். இந்தச் சொல்விளையாட்டை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீதான் முதல் ஆள்.

எலெக்ட்ரீஷியன் வந்து ஆம்ப்பைத் திறந்தார். எர்த்து வயரை யாரோ மடக்கி டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். உள்ளே இன்னொரு வயர் தோலுரிந்து தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. அரை மணி நேர வேலை. மூன்று பின் பிளக் போட்டார், ஊறல் நின்றது. குன்னத்துகால் பெரியவருக்குப் போன் பண்ணி, கேடில்ல என்று சொல்லி ஏமாற்றிவிட்டீர்களே என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "மருமோன் போயதின் சேஷம் ஞான் அது கேட்டில்லா என்னல்லே பறஞ்ஞது?" என்றார். மருமகன் போனபிறகு தான் அதைக் கேட்டதில்லை என்றுதான் சொன்னாராம். பிறகு, அச்சனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். அப்பாவின் மந்தக்காதில் சரியாக விழுந்த சொல், என் புதுக்காதில் தப்பாக விழுந்தது. அதை நான் அப்பாவிடம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு கேள்வி வந்தது. நான் எதைச் சொன்னாலும் அப்பா கேட்பார்: "நேரா, களியா?" சோறு வைத்திருக்கிறது என்றால் கேட்பார். மழை வருகிறது, துணியை எடுக்கட்டுமா என்றால் கேட்பார். கோபமே இல்லாமல், கடைக்காரன் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுபோலக் கேட்பார். நேரு என்று சொன்னாலும் எழுந்துபோய்த் தானே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். வானத்தையும் பார்ப்பார். நான் அன்றிலிருந்து அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அது அவருக்கு எப்படித் தெரியும்? கேட்காத ஆம்ப் மாதிரிதான் அதுவும்.

இந்த ஓணத்துக்குக் கிளப்பில் எனக்கு அந்த இடம் கிடைத்தது. சாயங்காலம் நிகழ்ச்சி. காலையில் அப்பாவிடம் போய், இன்று நான் கிடார் வாசிக்கிறேன், நீங்கள் வரவேண்டும் என்றேன். நேரா, களியா என்றார். நேரு என்றேன்.  பிறகு அலமாரியைத் திறந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தார். இடது கையால் எடுத்து, வலது கையின்மேல் போட்டுக்கொண்டு நின்றார். பாதி விளையாட்டாகவும் பாதி விளையாட்டு இல்லாமலும் கேட்டார்: "அங்கயும் கேட்டு பூட்டிக் கெடக்குமோ?"

மகனே, அந்த நேரத்தில் சொல்லவேண்டியது ஒரே ஒரு சொல். வாங்க. அவ்வளவுதான். கிளப் மைதானத்துக்குக் கேட்டும் கிடையாது, மதிலும் கிடையாது. என் நாக்குக்கு அந்தச் சொல் போதவில்லை. "கிளப்புக்குக் கேட்டில்ல அப்பா. கேட்டில்லாத்ததுனால கேடும் இல்ல," என்றேன். வாயிலிருந்து விழும்போதே நன்றாக இருந்தது. அப்பா சிரித்தார். எனக்குத் தெரிந்த சிரிப்பு. டீக்கடையில் சிரித்த அதே சிரிப்பு. "நல்ல களியாக்கும்," என்று சொல்லிவிட்டு, சட்டையை மடிப்புக் கலையாமல் திரும்ப உள்ளே வைத்தார்.

நான் இன்னொரு வேலையும் செய்திருந்தேன். மைக்கில் அறிவிக்கிறவன் ஷைஜுவின் அண்ணன். என் பெயரைச் சொன்னால் ஊரில் எல்லோரும் கூவுவார்கள், அதனால் 'கொச்சியிலிருந்து வந்த கலைஞர்' என்று மலையாளத்தில் சொல்லிவிடு, மேடையில் என்னைப் பார்த்து எல்லோரும் முழிக்கட்டும் என்று இரண்டு நாள் முன்பே ஏற்பாடு. அவன் அப்படியே சொன்னான். எல்லோரும் முழித்தார்கள், பிறகு கூவினார்கள். நான் வாசித்தேன். நன்றாக வாசித்தேன், அதிலும் பொய் இல்லை. ஒரு இடத்தில் பாடகர்கள் நிறுத்திவிட, நான் மட்டும் தனியாக வாசிக்கவேண்டியிருந்தது. மைதானம் அப்போது அமைதியாக இருந்தது. முன்வரிசையில் அம்மாவும் அக்காவும். பக்கத்தில் ஒரு நாற்காலியில் அம்மாவின் பை.

முடிந்ததும் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்கும் அக்காவுக்கும் முன்னால் வீட்டுக்கு ஓடிவந்தேன். விளக்கு போட்டிருக்கவில்லை. அப்பா வாசல்படியில், மைதானம் இருக்கும் திசைக்கு வலது காதைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். கேட்டீர்களா என்றேன்.

"கேட்டேன். ஒரு பய தனியா வாசிச்சான் பாத்துக்க. எனக்கு என்னமோ போல ஆயிட்டு."

"அது நானாக்கும் அப்பா."

"கொச்சீல உள்ள பயலாக்கும். மைக்குல சொன்னாவ."

"இல்லப்பா. நான்தான். நேராட்டு."

இந்தத் தடவை அவர் நேரா களியா என்றுகூடக் கேட்கவில்லை. "போலே, களியாக்காத," என்று அன்பாகச் சொல்லி, நான் உள்ளே போக வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். பின்னால் வந்த அம்மாவும் அக்காவும் சொன்னார்கள். ஃப்ரிட்ஜ் நாளில் அவர்களும் என் பக்கம் சிரித்தவர்கள்தானே. மூன்று பேர் சேர்ந்து செய்கிற களி என்று நினைத்துக்கொண்டார். ஷைஜு போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். இப்போதெல்லாம் போனில் யார் முகத்தையும் யாருக்கும் ஒட்டலாமே என்று சொன்னார். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஒரு கல்யாண வீடியோவில் அவர் முகத்தை மாப்பிள்ளைக்கு ஒட்டிக் காட்டியிருந்தேன்.

ஆகவே கிடார் உனக்கு நான் வாங்கித் தருகிறேன். கரண்டு இருக்கும் நேரத்தில் போவோம். கழுத்தை நீ பார், பிளக்கை நான் பார்க்கிறேன். விற்கிறவர் கேடில்ல என்றாலும் கேட்டில்ல என்றாலும், இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்போம். ஆனால் அதற்கு முன்னால் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. பெற்றதற்குக் கூலியாக வைத்துக்கொள். இந்தப் பத்தியை மட்டும் நீ சின்னவனாக இருக்கும்போதே உனக்குப் படித்துக் காட்டிவிடுவேன். இந்த வீட்டில் அவரிடம் பொய் சொல்லாத ஆள் ஒருவரும் மிச்சமில்லை. நீ ஒருவன்தான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. உனக்குப் பேச்சு வந்ததும், அப்பூப்பன் என்றோ தாத்தா என்றோ எதைக் கூப்பிடப் பழகினாலும் சரி, அவர் மடியில் ஏறி முதலில் இதைச் சொல்: அன்றைக்கு வாசித்தது என் அப்பாவாக்கும். வேறு எதையும் சேர்க்காதே. முக்கியமாக, வேடிக்கையாக எதையும் சேர்க்காதே.

நீ வருவதற்குள் அவருக்கு எழுபது நெருங்கிவிடும். அந்த வலது காதும் போயிருந்தால், கொஞ்சம் சத்தமாகச் சொல்.